ஒரு வரிக் கதையும் சிரிப்பும்

(சினிமாவுக்கு நகைச்சுவைக் கதை எழுத விரும்பும் இளைஞர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இங்கு கூடியிருக்கும் இளைஞர்களில் பலர் தங்களுடைய நகைச்சுவைக் கதைகளை ஒவ்வொரு வரியில் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவைகளைப் பற்றி என் அபிப்பிராயத்தைத் தாட்சண்யமில்லாமல் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டதன் மேல் நான் இங்கு வந்திருக்கிறேன். நான் சினிமாத் தொழில் செய்பவனல்ல. பெரிய படிப்புப் படித்தவனுமல்ல. இருபது வருஷத்துக்கு மேலாக மேடையில் நின்று பேசி, ஜனங்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு செருப்பைத் தேடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்து வந்தவன். அதுவும், பார்த்த படங்களும், படித்த சில புஸ்தகங்களும்தான் இதைப் பற்றிப் பேச எனக்குள்ள யோக்கியதை. ஆகவே நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

சினிமாக்காரர்கள் 'ஒன் லைன்' என்று ஒன்று சொல்லுகிறார்கள். படத் தயாரிப்பாளரிடம் போய் நின்றவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வியே, "ஒன் லைன் என்ன?" என்பதுதான். அந்த ஒரு வரி கதையின் சுருக்கம் என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. சுருக்கம் என்பது முழுக்கதையையும் பிழிந்து வைப்பது. ஒரு வரி என்பதோ, கதை எதனால் ஓடுகிறது என்பதைக் காட்டுவது. ஒரு வண்டியைப் பற்றிக் கேட்டால், அதன் நிறத்தையும் ஜன்னல் எத்தனை என்பதையும் சொல்லுவது ஒன்று; எஞ்சின் எது, எங்கே இருக்கிறது, வண்டி எங்கே போகிறது என்று சொல்லுவது வேறொன்று. நமக்கு வேண்டியது பின்னது. யார் ஒருவன், அவனுக்கு என்ன வேண்டும், எது அவனைத் தடுக்கிறது என்கின்ற மூன்றும் எந்தக் கதைக்கும் பொது. நகைச்சுவைக் கதைக்கு அதற்கு மேலும் ஒன்று வேண்டும். அதாவது, அவன் தப்பித்துக்கொள்ளச் செய்கிற காரியமே அவனை மேலும் மாட்டிவிடுவதாக இருக்க வேண்டும்.

1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் தன் தகப்பனாராகிய பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைப் பார்க்காதவர் இங்கு யாரும் இருக்க மாட்டீர்கள். சொந்தமாகப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரியும் பிள்ளை, பயங்கரக் கதை என்று ஒன்றைச் சொல்லுகிறான். அதில் சத்தம் இருக்கிறது, இருட்டு இருக்கிறது, கதவு கிரீச்சிடுகிறது, காலடி கேட்கிறது. பாலையா பயந்து நடுங்குகிறார். ஆனால் அந்தக் கதை என்ன என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஏனெனில் கதை என்று அங்கு ஒன்றுமே கிடையாது. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் அதை வேடிக்கைக்காகச் செய்தார்கள். நம்மவர்களில் பலர் அதையே நிஜமாகச் செய்து கொண்டிருக்கிறார்கள்! "சார், ஓப்பனிங்கில் ஒரு டிரோன் ஷாட்" என்று தொடங்கி அரைமணி நேரம் பேசுகிறார்கள். கேட்கிறவர், "சரி, கதை என்ன?" என்றால், "அதைத் திரைக்கதையில் பார்த்துக் கொள்ளலாம்" என்கிறார்கள். சட்டியில் இல்லாதது அகப்பையில் எப்படி வரும்?

இனிச் சீட்டுகளுக்கு வருகிறேன். எழுதியவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆகையால் யாரும் தலையைக் குனிந்து கொள்ள வேண்டாம்.

ஒரு சீட்டில் எழுதியிருக்கிறது: "வேலையில்லாத நான்கு நண்பர்கள் ஒரு கிராமத்தில் செய்யும் சேட்டைகளும், அதனால் வரும் சிரிப்பும்." தோழர்களே, இது கதையா? இது ஜனத்தொகைக் கணக்கு. நான்கு பேர் இருக்கிறார்கள், வேலையில்லை என்று தெரிகிறது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. 'சேட்டை' என்ற சொல்லும் 'சிரிப்பு' என்ற சொல்லும் எழுதியவர் செய்ய வேண்டிய வேலையைப் பார்ப்பவர் தலையில் கட்டுகின்றன. சாப்பாட்டுக் கடைக்காரன், "ருசியான பதார்த்தம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லி, என்ன பதார்த்தம் என்று சொல்லாவிட்டால் நாம் உட்காருவோமா? ஒரு வரியில் 'சிரிப்பு', 'கலாட்டா', 'கலகலப்பு' என்கின்ற சொற்கள் வந்தால் அவைகளை முதலில் அடித்துவிடுங்கள். அடித்த பிறகு மீதி என்ன நிற்கிறது என்று பாருங்கள். இந்தச் சீட்டில் நான்கு பேர் மட்டும்தான் நிற்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்லுகிறேன். 1981-ல் பாலச்சந்தர் எடுத்த 'தில்லு முல்லு', அதற்கு இரண்டு வருஷத்திற்கு முன் இந்தியில் இருஷிகேஷ் முகர்ஜி எடுத்த 'கோல்மால்' படத்திலிருந்து வந்தது. அதன் ஒரு வரி என்ன? மீசையைப் பார்த்து மனிதனின் குணத்தை முடிவுகட்டும் முதலாளியிடம், பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்த ஒருவன், விளையாட்டுப் பார்க்கப் போன இடத்தில் முதலாளி கண்ணில் பட்டுவிடுகிறான். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, "அது நானல்ல, மீசையில்லாத என் இரட்டைப் பிறவி" என்கிறான். பார்த்தீர்களா? ஒரு பொய், அதைக் காக்க இன்னொரு பொய், அந்தப் பொய்யைக் காக்க ஒட்டு மீசை. இனிமேல் காட்சி காட்சியாக யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை; தொல்லை தானாகவே உற்பத்தியாகும். அன்றியும், முதலாளியின் முட்டாள்தனமான நம்பிக்கை ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் வேர். மீசைக்கும் யோக்கியதைக்கும் சம்பந்தமில்லை என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் படமே கிடையாது.

இன்னும் பழைய படத்தைப் பாருங்கள். 1931-ல் சார்லி சாப்ளின் எடுத்த 'சிட்டி லைட்ஸ்'. கண் தெரியாத பூக்காரி ஒருத்தி, ஒன்றுமில்லாத ஒரு நாடோடியைப் பணக்காரன் என்று நினைத்துக் கொள்ளுகிறாள். அவனுக்கு உதவக்கூடிய ஒரே பணக்காரனோ, குடித்திருக்கும்போது மட்டும்தான் இவனை நண்பன் என்று அடையாளம் கண்டுகொள்ளுவான். போதை தெளிந்தால் யாரென்று கேட்பான். கண் இல்லாதவள் ஒரு பக்கம், கண் இருந்தும் அறியாதவன் ஒரு பக்கம், நடுவில் இவன். அந்த ஒரு வரி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அதில் ஓர் ஓட்டை இருந்தது. கண் தெரியாதவள் கந்தல் கட்டியவனைப் பணக்காரன் என்று எப்படி நினைப்பாள்? இந்த ஒரு ஓட்டையை அடைக்கச் சாப்ளின் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1928 கடைசியில் படப்பிடிப்புத் தொடங்கி 1930 வரை போயிற்று. அந்தப் பூக்காரிக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்தது ஒரு சின்னச் சங்கதி. நெரிசலில் நிற்கும் ஒரு மோட்டார் காரின் ஒரு கதவில் நுழைந்து மறு கதவால் இவன் இறங்குகிறான். கதவு சாத்தும் சத்தம் அவள் காதில் விழுகிறது. அவ்வளவுதான்! கதை நம்பத்தக்கதாகிவிட்டது. உலகமெல்லாம் புகழ் பெற்ற ஒருவர், ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரையில் விடவில்லை. நம்முடைய இளைஞரோ, "சினிமாதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்கிறார். புராணம் எழுதியவனும் இப்படித்தான் நினைத்திருப்பான்.

நிற்க. இப்போது ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு அதை எப்படி வளர்ப்பது என்று பார்ப்போம். அதில் எழுதியிருப்பது: "ஜோசியத்தை நம்பி ஏமாறும் ஒரு குடும்பத்தைப் பற்றிய சிரிப்புப் படம்."

எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் இது மேடைப் பேச்சுக்குத் தலைப்பு, கதையல்ல. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. குடும்பத்தை விட்டுவிட்டு ஜோசியனையே நடுவில் வைத்துப் பார்ப்போம். "பொய் ஜோசியம் சொல்லி ஊரை ஏமாற்றும் ஜோசியன் கடைசியில் பிடிபடுகிறான்." இது கொஞ்சம் தேவலை. ஆனாலும் இது போலீஸ்காரர் சங்கதி; முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. ஏமாற்றுகிறவன் பிடிபட்டால் நாம் திருப்தியடைவோம், சிரிக்க மாட்டோம். ஆகவே அவனை யோக்கியனாக மாற்றுங்கள். தன் ஜோசியத்தைத் தானே மனதார நம்புகிற ஜோசியன்! இந்த இடத்தில்தான் விளையாட்டு ஆரம்பமாகிறது. அவன் தன் ஜாதகத்தைத் தானே பார்த்துத் தான் சாகப்போகும் நாளைக் குறித்து ஊருக்குச் சொல்லிவிடுகிறான். வீட்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான். சம்பந்தியைப் பார்த்து இத்தனை வருஷமாக மனதில் இருந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டான். அந்த நாள் வந்தது, போயிற்று. மறுநாள் காலையில் கண்ணை விழிக்கிறான். உயிர் இருக்கிறது. உயிரோடிருப்பது தெரிந்தால் தொழில் செத்துவிடும். தொழில் பிழைக்க வேண்டுமானால் இவன் சாக வேண்டும்.

இது நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1708-ஆம் வருஷம் ஜான் பார்ட்ரிட்ஜ் என்று பஞ்சாங்கம் போட்டு விற்கும் ஜோசியர் ஒருவர் இருந்தார். ஜொனாதன் ஸ்விப்ட் என்ற ஆசிரியர், பிக்கர்ஸ்டாப் என்ற புனைபெயரில் தாமும் ஒரு பஞ்சாங்கம் போட்டு, அதில் "பார்ட்ரிட்ஜ் மார்ச்சு மாதம் 29-ந் தேதி இரவு காய்ச்சலால் சாவார்" என்று எழுதிவிட்டார். நாள் கழிந்ததும், சொன்னபடியே செத்தார் என்று இன்னொரு துண்டுப் பிரசுரமும் வெளியாயிற்று. பாவம், பார்ட்ரிட்ஜ் தாம் உயிரோடிருப்பதாக அச்சுப் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு ஸ்விப்ட், உயிரோடிருக்கும் எந்த மனிதனும் இப்படிப்பட்ட பஞ்சாங்கத்தை எழுதியிருக்க முடியாது. ஆகையால் அவர் செத்தது நிச்சயம் என்கின்ற தோரணையில் வாதம் செய்தார். ஜோசியத்தை மறுத்து ஆயிரம் பக்கம் எழுதுவதைவிட இந்த வேடிக்கை அதிக வேலை செய்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நம் கதைக்குத் திரும்புவோம். இப்போது நீங்களே எதிர்க்கட்சி வக்கீலைப் போல் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். முதல் கேள்வி: பிணம் எங்கே? செத்தவனாக நடிக்கிறான் என்றால் ஊர் பிணத்தைக் கேட்காதா? கேட்கும். ஆகவே அவன் ஆற்றில் இறங்கி ஜலசமாதி அடையப் போவதாக முன்னமே அறிவித்துவிடட்டும். ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இல்லை என்பது அவனுக்குத் தெரியாமற் போகட்டும். ராத்திரி முழுவதும் தண்ணீரில் உட்கார்ந்து, ஜலதோஷம் பிடித்து, விடிவதற்குள் கொல்லைப்புறமாக வீட்டுக்குத் திரும்பிப் பரணில் ஏறிக் கொள்ளுகிறான். இரண்டாவது கேள்வி: இவன் செத்ததால் யாருக்கு லாபம்? சிஷ்யனுக்கு. "சொன்ன நாளில் செத்த மகானின் சிஷ்யன்" என்று அவனிடம் கூட்டம் கூடுகிறது. குரு திரும்பி வந்தால் அவன் பிழைப்புப் போயிற்று. ஊர்ப் பெரிய மனிதர்களோ சமாதி கட்ட வசூல் செய்துவிட்டார்கள். வசூலான பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்பது நம் நாட்டு வழக்கத்தில் இல்லாத காரியம். ஆகவே இவன் உயிரோடிருப்பது எல்லோருக்கும் இடைஞ்சல்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். எழுதுகிறவர்கள் எப்போதும் மறந்துவிடுகிற கேள்வி. அவன் பெண்சாதி என்ன ஆனாள்?

தாய்மார்களே, நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். புருஷன் பரணில் உட்கார்ந்து தும்மலை அடக்கிக் கொண்டிருக்கிறான். வாசலில் ஊர்ப் பெண்கள் கூட்டமாக வந்து நிற்கிறார்கள். எதற்கு? அந்த அம்மாளின் பொட்டை அழிக்க, வளையலை உடைக்க, தாலியை வாங்க. அவள் புருஷனைக் காட்டிக் கொடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. காட்டிக் கொடுக்காவிட்டால் உயிரோடிருக்கும் புருஷனுக்கு விதவையாக உட்கார வேண்டும். அவள், "நான் பொட்டை அழிக்க மாட்டேன்" என்கிறாள். ஏன் என்று கேட்கிறார்கள். உண்மைக் காரணத்தைச் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுகிறாள். அவள் பொய்யாகச் சொல்லும் காரணங்கள், கேட்கிற மற்ற விதவைகளுக்கு நியாயமாகப் படுகின்றன! பக்கத்து வீட்டு அம்மாள், "நீ வைக்கும்போது நான் ஏன் வைக்கக் கூடாது?" என்று பத்து வருஷத்திற்குப் பின் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறாள்.

இப்போது கதை யாருடையது? ஜோசியனுடையதல்ல, அவன் மனைவியுடையது. ஒரு வரியை இப்படி எழுதலாம்: "தான் குறித்த நாளில் சாகாமற்போன ஜோசியர் தொழிலைக் காக்கப் பரணில் ஒளிந்திருக்க, கீழே அவர் மனைவி அவரைக் காட்டிக் கொடுக்காமலும் விதவைக் கோலத்துக்கு உடன்படாமலும் ஊரைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது." இதில் 'சிரிப்பு' என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் படிக்கும்போதே அடுத்து என்ன என்று கேட்கத் தோன்றுகிறதா, இல்லையா? முதற் சீட்டில், ஜோசியம் பொய் என்று தெரிந்தவன் ஜோசியம் பொய் என்று சொல்லிக் கொண்டிருந்தான். இதில் யாரும் எதையும் பிரசங்கம் செய்யவில்லை.

இதைச் சொல்லும்போது, நம் கொள்கையில் பற்றுள்ள தோழர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளைப் பற்றியும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அவைகளில் ஐந்தாறு சீட்டுகள் ஒரே மாதிரி இருக்கின்றன: "மூடநம்பிக்கையில் மூழ்கிய கிராமத்துக்குப் பகுத்தறிவுள்ள வாலிபன் ஒருவன் வந்து, எல்லோரையும் திருத்துகிறான்." எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவனுக்குக் கஷ்டமே கிடையாது. அவன் எப்போதும் சரி. மற்றவர்கள் எப்போதும் முட்டாள்கள். கடவுள் அவதாரம் எடுத்து அசுரனைத் திருத்திய கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேஷ்டியின் கரை கறுப்பாக இருப்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இப்படிப்பட்ட படத்தை நம்மவர்கள் மட்டும் வந்து பார்த்துக் கைதட்டுவார்கள். யாருக்காக எடுத்தோமோ அவர்கள் அடுத்த கொட்டகைக்குப் போய்விடுவார்கள்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இந்தத் தவறைச் செய்யவில்லை. 1949-ல் வந்த, அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி' படத்தில் அவர் நடத்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நந்தனார் கதையை எல்லோரும் அறிவார்கள். சிதம்பரம் போகத் துடித்தவர். கிந்தனோ படிக்கத் துடிக்கிறான். பட்டணத்துக்கு ரயிலேறிப் போகிறான். படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கோயிலை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை வைத்தார், அவ்வளவுதான். நந்தனாரை ஒரு வார்த்தைகூடத் திட்டாமல், கேட்கிறவன் மனதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்தப் படமும் 1936-ல் வந்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவி வந்ததே. கதை எங்கிருந்து வந்தால் என்ன, இங்கே வேர் பிடித்ததா என்பதுதான் கேள்வி.

திருத்த வந்த வாலிபனை எப்படித் திருத்துவது? அவனைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் சீர்திருத்தத்தில் எள்ளளவும் நம்பிக்கையில்லாத ஒருவனை வையுங்கள். உதாரணமாக: "ஆடி மாதத்தில் மண்டபம் பாதி வாடகைக்குக் கிடைக்கும் என்பதற்காகவே மகளின் கல்யாணத்தை ஆடியில் வைக்கும் மகா கஞ்சன், ஊருக்குப் புரட்சி வீரனாகிவிடுகிறான், கிடைத்த மாலையையும் விட மனமில்லை, வீரனுக்குரிய செலவையும் செய்ய மனமில்லை." இவனைப் பார்த்து நம்மவர்களும் சிரிப்பார்கள், ஆடி ஆகாது என்பவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், ஆடியில் நடந்த கல்யாணத்துக்கு என்ன குறைவு வந்தது என்று அவர்களே யோசிப்பார்கள்.

சாமியார் கதைகளும் நிறைய வந்திருக்கின்றன. அவைகளில் ஒன்று 1972-ல் வந்த 'காசேதான் கடவுளடா'. பணப்பெட்டிச் சாவியை வைத்திருக்கும் சிற்றன்னையிடமிருந்து பணத்தை எடுக்க, நண்பனைச் சாமியார் வேஷத்தில் வீட்டுக்குள் கொண்டு வருகிறார்கள். தேங்காய் சீனிவாசன் நடிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நானே பலமுறை வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்து நகல் எடுக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 'போலிச் சாமியார்' என்று சொல்லும்போதே அசல் சாமியார் எங்கோ இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. வேஷம் கலைந்ததும் பக்தர்கள் அசலைத் தேடிப் போவார்கள். 2014-ல் வந்த 'முண்டாசுப்பட்டி' இதைவிட ஆழமாகப் போயிற்று என்பது என் அபிப்பிராயம். போட்டோ எடுத்தால் செத்துப் போவோம் என்று நம்புகிற ஊர். அங்கே போட்டோ எடுத்துப் பிழைக்க வேண்டிய ஒருவன். அதில் தனிப்பட்ட அயோக்கியன் எவனும் நம்பிக்கையைத் தாங்கி நிற்கவில்லை. நம்பிக்கையே எதிரியாக நிற்கிறது. ஒரு வரியில் சொன்ன உடனேயே ஊரும் தெரிகிறது, தொழிலும் தெரிகிறது, தொல்லையும் தெரிகிறது.

அடுத்தபடியாக, கோபம் வந்தாலும் வரட்டும் என்று ஒன்றைச் சொல்லுகிறேன். எட்டுச் சீட்டுகளில், கறுப்பான பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டவன் படும் பாடு, திக்குவாய்க்காரன் காதல் செய்வது, குண்டான மனைவிக்குப் பயப்படும் புருஷன் என்று எழுதியிருக்கிறது. இவைகளை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நூறு வருஷமாக நம் நாடகமும் சினிமாவும் கற்றுக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறார்கள். ஆனால் இவைகளில் கதை எங்கே இருக்கிறது? கறுப்பு ஒரு சம்பவமா? திக்குவாய் ஒரு தீர்மானமா? அவரவர் தேடிக்கொள்ளாத ஒன்றைக் காட்டி ஒருமுறை சிரிக்க வைக்கலாம். இரண்டாவது முறை என்ன செய்வீர்கள்? மனிதன் தானாகச் செய்கிற முட்டாள்தனம்தான் வளரும். மேலும், கொட்டகையில் ஐந்நூறு பேர் சிரிக்கும்போது, அதே நிறமுள்ள ஒரு பெண் மூன்றாவது வரிசையில் தன் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பாள். அவளும் காசு கொடுத்துத்தான் சீட்டு வாங்கியிருக்கிறாள்.

சவரத் தொழிலாளியை எத்தனை படங்களில் கோமாளியாக்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2021-ல் மடோன் அஸ்வின் எடுத்த 'மண்டேலா' அதே ஆளை எடுத்துக் கொண்டது. இரண்டு சாதிக்காரர்கள் சரிபாதியாக நிற்கும் ஊராட்சித் தேர்தலில், இருவருமே எடுபிடியாக வைத்திருந்த, பெயர்கூடச் சரியாக இல்லாத ஒரு சவரத் தொழிலாளியின் ஒரே ஓட்டுதான் வெற்றியைத் தீர்மானிக்கப் போகிறது. இந்த வரியை நான் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் அலுக்கவில்லை. நேற்று வரையில் ஏவல் செய்ய வைத்தவனை இன்று நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. ஆள் அதே ஆள்தான், வேலையும் அதே வேலைதான். சிரிப்பு மட்டும் திசை மாறிவிட்டது. அவனைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். யோகி பாபு நடித்த அந்தப் படத்தின் வசனத்துக்கும், முதற்பட இயக்குநர் என்கின்ற முறையிலும் மடோன் அஸ்வினுக்குத் தேசிய விருது கிடைத்தது. நாவிதர் ஒருவரைக் கொண்டு பெரிய இடத்தை ஆட்டிவைத்த கதை உலகத்திற்குப் புதிதல்ல. 1940-ல் சாப்ளின், சர்வாதிகாரியின் முகச்சாயலிலேயே ஒரு யூத நாவிதனைப் படைத்து, 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார். ஆனால் அங்கு முகம் ஒன்றாக இருக்க வேண்டியிருந்தது. இங்கு ஓட்டுச் சீட்டே போதுமானதாக இருந்தது.

சாப்ளின் பிற்காலத்தில், 1964-ல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில், யூதர்களை அடைத்து வைத்த முகாம்களில் நடந்த கொடுமை முழுவதும் அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், "எதையும் வேடிக்கை செய்யலாம், சிரிப்புக்கு எல்லை கிடையாது" என்று சில தோழர்கள் வீரம் பேசுகிறார்கள். அவரைவிட வீரம் நமக்கு வேண்டாம்.

கடைசியாக வயிற்றுப்பாட்டுச் சங்கதி ஒன்று. ஒரு வரியை யாரிடமாவது சொன்னால் திருடி விடுவார்களே என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்லுகிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். 1978-ல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில், வெறும் எண்ணத்துக்கும் கருவுக்கும் காப்புரிமை கிடையாது, அதை எந்த உருவத்தில் எழுதி வெளியிட்டாரோ அந்த உருவத்துக்குத்தான் உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்துவிட்டுப் பின்னால் அழுவதில் பிரயோஜனமில்லை. காட்சி காட்சியாக விரித்து எழுதுங்கள். திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவு செய்துகொள்ள வசதி இருக்கிறது. அதைச் செய்துவிட்டுப் பிறகு வாசற்படி ஏறுங்கள். ஏழைப் பிள்ளை எழுதிய கதை, பெரிய பெயர் உள்ளவன் பெயரில் வருவதும் ஒருவகைச் சுரண்டல்தான். அதைத் தடுக்க வேறு யாரும் வரப்போவதில்லை.

நேரம் அதிகமாகிவிட்டது. இன்னும் பதினோரு சீட்டுகள் என் கையில் மீதி இருக்கின்றன. இப்போது ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். எழுதியவர் எழுந்து நிற்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். முதற் சீட்டு: "பஸ்ஸில் தொலைந்துபோன சாமி படத்தைத் தேடும் கண்டக்டர்." சரி, அந்தப் படம் கிடைக்காவிட்டால் கண்டக்டருக்கு என்ன நஷ்டம்? யாராவது சொல்லுங்கள்.